2,4-டி அமைன் உப்பு: மக்காச்சோளத்தில் மூன்று பருவம் அடித்துப் பார்த்த அனுபவம்

மக்காச்சோளம் மூன்றிலை விடும்போதே முள்ளுக்கீரையும் சாரணையும் தொய்யக்கீரையும் கூடவே கிளம்பிவிடும். முதல் நாற்பது நாள் பயிரைவிட அவைதான் வேகமாக வளரும். அந்த நாட்களில் களை எடுக்காமல் விட்டால் பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் கதிர் தேறாது. களையெடுக்க ஆளே கிடைக்காத ஒரு பருவத்தில்தான் 2,4-டி அமைன் உப்பு என்ற களைக்கொல்லியை, 58 சதவீதக் கரைசலாக, முதன்முதலாக வாங்கினேன். மூன்று பருவம் அடித்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இது புதிய மருந்து இல்லை. 1940-களிலேயே விற்பனைக்கு வந்தது. செடிக்குள் வளர்ச்சியை நடத்தும் ஆக்சின் என்ற ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் பொருள். அகன்ற இலைச் செடிக்குள் போனதும் வளர்ச்சி கட்டுக்கடங்காமல் போய், தண்டு வீங்கி, சாறு போகும் பாதை அடைபட்டுச் செடி சாகிறது. புல் இனத்துப் பயிர்களில் சாற்றுக்குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறி இருக்கின்றன. மருந்து உள்ளே அதிகம் நகர்வதில்லை, நகர்ந்ததையும் பயிர் சீக்கிரம் மாற்றிச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அதனால்தான் மக்காச்சோளம், கோதுமை, நெல் போன்றவை தப்பிக்கின்றன. இந்த ஒரு விஷயம் புரிந்த பிறகு, லேபிளில் இருக்கும் மற்ற எச்சரிக்கைகள் எல்லாம் எதற்கு என்று தானாக விளங்கிவிடும்.

நான் அடிக்கும் கணக்கு இதுதான். ஹெக்டேருக்கு 500 கிராம் வீரியப் பொருள் (கரைசலில் களையைக் கொல்லும் சரக்கு மட்டும்), 500 லிட்டர் தண்ணீர். 58 சதவீத மருந்தில் அது ஏறக்குறைய 860 மில்லி. ஒரு ஏக்கருக்கு 350 மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 28 மில்லி. வாங்கும் டப்பாவில் சதவீதம் வேறாக இருந்தால் கணக்கும் மாறும், அதனால் லேபிளைத்தான் நம்ப வேண்டும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவதை முதல் நாளே விட்டுவிட்டேன். அளவுக் குழாய் ஒன்று மருந்துப் பெட்டியிலேயே கிடக்கிறது.

அடித்த மறுநாள் காலையிலேயே முள்ளுக்கீரையின் நுனி கீழே வளைந்திருந்தது. மூன்றாம் நாள் தண்டுகள் முறுக்கிக்கொண்டு தரையில் படுத்தன. இரண்டு வாரத்தில் சால்களுக்கு நடுவே காய்ந்த குச்சிகள்தான். இரண்டிலிருந்து நான்கு இலைப் பருவத்தில் இருந்த களை எல்லாம் சுத்தமாகப் போய்விட்டது. ஒரு ஜாண் வளர்ந்துவிட்ட சாரணை மட்டும் பாதி கருகி, அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது. அதைக் கையால்தான் பிடுங்கினேன். தவறு மருந்தில் இல்லை. நான்தான் நான்கு நாள் தாமதித்திருந்தேன்.

புல்லுக்கு இது ஒன்றும் செய்யாது. அருகம்புல், காட்டுக் குதிரைவாலி எல்லாம் அடித்த பிறகு இன்னும் செழிப்பாக வரும், ஏனென்றால் போட்டிக்கு நின்ற கீரைகள் போய்விட்டன. கோரைக் கிழங்கும் அப்படியே இருக்கும். உங்கள் நிலத்தில் புல்தான் பெரிய தொல்லை என்றால் இதை வாங்காதீர்கள். துவரை, உளுந்து, தட்டைப்பயறு ஊடுபயிராக இருந்தாலும் இந்தப் பக்கமே வரக்கூடாது. அவையும் அகன்ற இலைச் செடிகள்தானே.

பயிருக்கு முழுப் பாதுகாப்பு என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியில்லை. என் மக்காச்சோளத்தில் சில செடிகளின் குருத்து விரியாமல் வெங்காயத் தாள் போலச் சுருண்டு நின்றது. பத்து நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பத்து நாள் தண்டு கண்ணாடி மாதிரி முறியும். முதல் பருவத்தில் அடித்த ஐந்தாம் நாளே மண் அணைக்க இறங்கினேன். கால் பட்ட இடத்தில் எல்லாம் 'டக்' என்று உடைந்தது, ஒரு வரிசையில் பதினோரு செடி போனது. இப்போது அடித்த பிறகு முழுதாகப் பத்து நாள் நிலத்துக்குள் யாரையும் விடுவதில்லை. பயிர் சுமார் 20 செ.மீ. உயரத்தைத் தாண்டினால் மேலிருந்து அடிப்பதும் இல்லை. கோதுமைக்கும் இப்படி ஒரு காலக்கெடு உண்டு: தூர் கட்டத் தொடங்கிய பிறகு, கணு விடுவதற்கு முன். முந்தினாலும் பிந்தினாலும் கதிர் கோணலாக வரும்.

அப்புறம் காற்று. இந்த மருந்தில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பருத்தி, தக்காளி, திராட்சை, அவரை இவையெல்லாம் இதன் சிறு தூறலைக் கூடத் தாங்காது. இதே 2,4-டி எஸ்டர் வடிவிலும் கிடைக்கிறது. அது இலைக்குள் வேகமாக இறங்கும், மழைக்கும் கொஞ்சம் தாங்கும். ஆனால் வெயில் ஏறினால் அடித்து முடித்த பிறகும் ஆவியாகிப் பக்கத்து நிலத்துக்குப் போகும். அமைன் உப்பு அவ்வளவு ஆவியாகாது. பக்கத்தில் காய்கறியோ பருத்தியோ இருப்பவர்கள் அமைனையே வாங்குங்கள், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

காற்றே இல்லாத விடியற்காலைதான் நல்ல நேரம் என்று நானும் நம்பியிருந்தேன். உண்மையில் அது மோசமான நேரம். அசைவற்ற குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும்போது நுண்ணிய துளிகள் கீழே விழாமல் மிதந்து தூரம் போகின்றன. புகை மேலே ஏறாமல் தரையோடு படர்ந்து போனால் அன்றைக்கு அந்த நேரத்தில் தெளிப்பானைத் தொட மாட்டேன். வெயில் கொஞ்சம் ஏறி, காய்கறிப் பக்கத்திலிருந்து என் நிலத்தை நோக்கி மெல்லிய காற்று வீசும்போது அடிக்கிறேன். தட்டை விசிறி நாசில், குறைந்த அழுத்தம், துளி பெரியதாக விழ வேண்டும். அடித்து ஆறு மணி நேரமாவது மழை இருக்கக்கூடாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கிணற்றுத் தண்ணீரில் அமைன் உப்பைக் கலந்தால் வெள்ளையாகத் திரிகிறது. நாசில் அடைக்கும், வேலையும் குறையும். தொட்டியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் கலந்தபோது அந்தத் தொல்லையே இல்லை.

எனக்கு நேர்ந்த பெரிய இழப்பு என் தோட்டத்திலேயே நடந்தது. மருந்தடித்த டேங்கை இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசிவிட்டு, அதே டேங்கில் தக்காளிக்குப் பூச்சி மருந்து அடித்தேன். நான்காம் நாள் இலைகள் நூல் போல மெலிந்து, நுனியெல்லாம் சுருண்டு நின்றன. நாற்பது செடி, ஒன்றும் தேறவில்லை. குழாயிலும் வாஷரிலும் ஒட்டியிருந்த மிச்சமே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. இதைப் போக்க அம்மோனியா கலந்த தண்ணீரை டேங்கில் நிரப்பி, குழாய் வழியாகவும் கொஞ்சம் ஓடவிட்டு, ஓர் இரவு ஊறவைத்துக் கழுவ வேண்டும். அதையும் நம்பாமல் களைக்கொல்லிக்கென்று தனி டேங்க் வாங்கி, அடையாளத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டேன்.

உடம்புக்குக் கெடுதலா என்று வீட்டில் கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்தது. அமைன் உப்பு கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். அதனால் கலக்கும்போதே கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொள்கிறேன், முழுக்கைச் சட்டை இல்லாமல் இறங்குவதில்லை.

நான்காவது பருவத்துக்கும் இதையே வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அவரைப் பந்தலை ஒட்டிய ஆறு சாலுக்கு இந்த மருந்து கிடையாது. அந்த ஆறையும் களைக்கொத்தால் நானே கொத்திக்கொள்கிறேன்.