தெரிமா, குனெஷா? ஒருவர் அரைத்த மாவில் இன்னொருவர் சுட்ட தோசை

துருக்கியில் கால்பந்துக் கோச்சை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஹோஜா' என்பார்கள், வாத்தியார் என்று அர்த்தம். நேரில் பேசும்போது 'ஹோஜம்', அதாவது 'என் வாத்தியாரே'. ஆட்டக்காரர், மைக் நீட்டுகிற நிருபர், டீக்கடையில் உட்கார்ந்து திட்டுகிறவர் எல்லாருக்கும் அவர் ஹோஜாதான். அந்த நாட்டில் ஹோஜாக்கள் ஏராளம், ஆனால் 'யார் பெரியவர்' என்று பேச்சு கிளம்பினால் சுற்றிச் சுற்றி இரண்டு பேரிடம் வந்து நிற்கும்: ஃபாத்தி தெரிம், ஷெனோல் குனெஷ். முஸ்தஃபா தெனிஸ்லியை விட்டுவிட்டாயே என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. நியாயம்தான், கலாத்தசராய், ஃபெனெர்பாச்சே, பெஷிக்தாஷ் என்று இஸ்தான்புலின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த ஒரே கோச் அவர். ஆனால் அவரையும் இழுத்தால் இது இன்றைக்கு முடியாது.

முதலில் இவர்கள் ஆடிய காலம். குனெஷ் 1952ல் பிறந்தவர், தெரிம் 1953. இரண்டு பேரும் ஒரே காலத்தில் தேசிய அணிச் சட்டை போட்டவர்கள். குனெஷ் கருங்கடல் ஓரத்து திராப்சோன் ஊர்க்காரர், கோல்கீப்பர். 1975-76ல் திராப்சோன்ஸ்போர் லீக்கை வென்றபோது, பட்டம் முதல்முறையாக இஸ்தான்புலைத் தாண்டி வெளியே போனது. 1984க்குள் அந்த அணி மொத்தம் 6 பட்டம் வாங்கியது, ஆறிலும் குனெஷ் இருந்தார். தெரிம் தெற்கே அதானாவில் பிறந்து, அதானா தெமிர்ஸ்போரில் ஆடத் தொடங்கி, 1974ல் கலாத்தசராய்க்கு வந்த டிஃபெண்டர். பதினோரு வருஷம் அங்கேயே ஆடினார், கேப்டனாக இருந்தார், துருக்கிக்காக 51 ஆட்டம் ஆடினார். லீக் பட்டம்? ஒன்றுகூட இல்லை. 1973க்கு அப்புறம் 1987 வரை கலாத்தசராய் பட்டத்தைக் கண்ணால் பார்க்கவில்லை, மனிதர் சரியாக அந்தப் பஞ்சத்துக்குள் வந்து, பஞ்சம் தீர இரண்டு வருஷம் இருக்கும்போது ஓய்வு பெற்றார்.

கோச்சானதும் கணக்கு அப்படியே தலைகீழ். தெரிமுக்கு 8 லீக் பட்டம், குனெஷுக்கு 2. பெரும்பாலானவர்கள் இந்த 8-2ஐக் காட்டி விவாதத்தை முடித்துவிடுவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள், எந்த வெற்றி யார் வளர்த்த ஆட்டக்காரர்களால் வந்தது என்று பெயர் பெயராக எழுதிப் பார்த்தேன், அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது.

தெரிமின் உச்சம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1996ல் கலாத்தசராய்க்குக் கோச்சாக வந்து தொடர்ந்து 4 லீக் பட்டம், கடைசி வருஷம் கூடவே யூஃபா கோப்பை, சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலை ஐரோப்பியக் கிளப் போட்டி. அந்தக் கோப்பைக்கான வழியே விசித்திரமாகத் தொடங்கியது. 1999 நவம்பரில் சாம்பியன்ஸ் லீக்கின் கடைசிக் குழு ஆட்டம், மிலானிடம் 1-2 என்று பின்தங்கியிருக்கிறார்கள், மணி 87வது நிமிடம். ஐரோப்பாவே முடிந்தது என்று எல்லாரும் எழுந்து கிளம்பும் நேரத்தில் ஹக்கன் ஷுக்குர் ஒன்று போட, பெனால்டியில் உமித் தவாலா இன்னொன்று போட, 3-2. அதனால் குழுவில் மூன்றாமிடம், அதனால் யூஃபா கோப்பையில் இடம். அங்கிருந்து பொலோனியா, டார்ட்மண்ட், மயோர்கா, லீட்ஸ் எல்லாரையும் தாண்டி 2000 மே 17 அன்று கோபன்ஹேகனில் ஆர்சனலோடு இறுதி ஆட்டம். கூடுதல் நேரம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஆர்சனலின் டோனி ஆடம்ஸோடு மல்லுக்கு நின்று கலாத்தசராயின் ஹாஜி ரெட் கார்டு வாங்கி வெளியே போனார், கேப்டன் புலென்ட் கோர்க்மாஸ் தோளில் அடிபட்டு கட்டோடு ஆடினார், பத்துப் பேரோடு 0-0 என்று இழுத்துப் பிடித்து பெனால்டிக்குப் போனார்கள். ஆர்சனலின் சூக்கர் கம்பத்தில் அடித்தார், வியெரா மேல் கம்பியில் அடித்தார், கலாத்தசராயின் பொப்பெஸ்கு கடைசி உதையை வலைக்குள் போட்டார். 4-1. துருக்கிக் கிளப் ஒன்று வாங்கிய முதல் ஐரோப்பியக் கோப்பை அது. தெரிமுக்கு 'இம்பராத்தோர்', பேரரசர், என்ற பட்டப்பெயர் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை.

இப்போது குனெஷின் உச்சத்துக்கு வருவோம், 2002 உலகக் கோப்பை. 1954க்கு அப்புறம் துருக்கி முதல்முறையாக அங்கே போகிறது, போன அந்தத் தடவையே மூன்றாமிடம். யோசித்துப் பாருங்கள், தெரிம் 1996ல் முதல்முறையாக யூரோவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பைக்கு, கூட்டிப் போன துருக்கி அணி மூன்று ஆட்டத்திலும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பியது. ஆறே வருஷத்தில் உலகத்தில் மூன்றாவது! ஆனால் அந்த 2002 அணியின் பட்டியலை எடுங்கள்: ஹக்கன் ஷுக்குர், புலென்ட் கோர்க்மாஸ், உமித் தவாலா, ஹசன் ஷாஷ், எம்ரே பெலோசோலு, எர்குன் பென்பே, ஆரிஃப் எர்தெம், ஓகன் புருக். கோபன்ஹேகன் கோப்பையை வாங்கிய கூட்டம் அப்படியே கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போயிருக்கிறது. மாவரைத்தவர் தெரிம், தோசை சுட்டவர் குனெஷ் என்று கலாத்தசராய் ரசிகர்கள் சொல்வது வயிற்றெரிச்சல் இல்லை.

அதற்காக தோசை தானாகச் சுட்டுக்கொண்டது என்றும் சொல்ல முடியாது. அந்தத் தொடரில் ஷுக்குர், நாட்டின் மிகப் பெரிய ஸ்ட்ரைக்கர், ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் இல்லாமல் தடுமாறினார். ஊரே 'அவனை உட்கார வை, இல்ஹான் மன்சிஸை இறக்கு' என்று கத்தியது. குனெஷ் ஷுக்குரைத் தொடர்ந்து ஆட வைத்தார், இல்ஹானை இரண்டாம் பாதியில் இறக்கிக்கொண்டே இருந்தார். செனகலுடன் காலிறுதி, 67வது நிமிடம் ஷுக்குர் வெளியே, இல்ஹான் உள்ளே, 94வது நிமிடம் வலப்பக்கமிருந்து தவாலா அனுப்பிய பந்தை இல்ஹான் ஒரே தட்டில் கோல்டன் கோலாக்கினார், கூடுதல் நேரத்தில் விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவிடும் கோல். அரையிறுதியில் பிரேசிலிடம் 0-1 தோற்றார்கள். மூன்றாமிடத்துக்குக் கொரியாவோடு ஆட்டம், ஷுக்குருக்கு மறுபடியும் இடம், விசில் ஊதி 11 நொடியில் கோல் போட்டார். உலகக் கோப்பையில் இன்றுவரை அதைவிட வேகமான கோல் இல்லை. அதே ஆட்டத்தில் இல்ஹான் இரண்டு போட்டார், 3-2. முடிந்ததும் இரண்டு அணியும் கைகோத்து ஒரே வரிசையாக நின்று கூட்டத்துக்கு வணக்கம் போட்டார்கள். எல்லாரும் கைவிட்ட ஆளை, கூச்சல் போடாமல், கடைசி வரை வைத்துப் பார்க்கும் அந்தப் பொறுமை தெரிமிடம் இருந்திருக்குமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, மாவுக் கணக்கு ஒருபக்கம் மட்டும் ஓடவில்லை என்பதுதான் சுவாரசியம். 2009ல் குனெஷ் மறுபடி திராப்சோனுக்குப் போனார். அடுத்த பிப்ரவரியில் புராக் யில்மாஸ் வந்து சேர்ந்தார். ஏற்கெனவே பெஷிக்தாஷ், ஃபெனெர்பாச்சே என்று பெரிய இடங்களைப் பார்த்துவிட்டு, எங்கேயும் நிலைக்காமல் வந்த ஆள். ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவரை குனெஷ் நடுவில் ஸ்ட்ரைக்கராக நிறுத்தினார். 2011-12 லீக்கில் 33 கோல். நடுக்களத்தில் செல்சுக் இனான் என்று இன்னொருவர் குனெஷிடம் மெருகேறினார். இரண்டு பேரும் எங்கே போனார்கள் தெரியுமா? செல்சுக் 2011ல், புராக் 2012ல், கலாத்தசராய்க்கு, தெரிமிடம். தெரிமின் 2012, 2013 பட்டங்களை செல்சுக் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது, 2012-13 சாம்பியன்ஸ் லீக்கில் கலாத்தசராய் காலிறுதிவரை போனபோது புராக் மட்டும் 8 கோல். இங்கே அரைத்தவர் குனெஷ், சுட்டவர் தெரிம். ஆக 8-2 என்ற கணக்கில் இருக்கும் எட்டில் குனெஷின் வியர்வையும் கொஞ்சம் இருக்கிறது, 2002 மூன்றாமிடத்தில் தெரிமின் வியர்வை நிறையவே இருக்கிறது.

குனெஷுக்கு இரண்டே பட்டம் என்பதற்குப் பின்னால் இரண்டு காயங்களும் இருக்கின்றன. 1996 மே மாதம், திராப்சோனுக்குக் கோச்சாக இருந்தார், பட்டம் கிட்டத்தட்ட கையில், சொந்த மண்ணில் ஃபெனெர்பாச்சேவோடு ஆட்டம், முதலில் கோல் போட்டது திராப்சோன். முடிவு 1-2. பட்டம் ஃபெனெர்பாச்சேவுக்கு. 2010-11ல் அதைவிட மோசம், இரண்டு அணிக்கும் 82 புள்ளி, கோப்பை மறுபடி ஃபெனெர்பாச்சேவுக்கு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை ஒருவர் இரண்டு தடவை, அதுவும் ஒரே எதிரியிடம், அனுபவிக்க வேண்டுமா? அந்த ஜூலையில் மேட்ச் ஃபிக்சிங் விசாரணை வெடித்தது, சாம்பியன்ஸ் லீக்கில் ஃபெனெர்பாச்சேவின் இடத்துக்கு திராப்சோன் போனது, போனதும் சான் சீரோவில் இன்டர் மிலானை 1-0 என்று தோற்கடித்தது. அந்தப் பட்டம் தங்களுடையது என்று திராப்சோன்காரர்கள் இன்றும் சொல்வார்கள், அவர்களிடம் போய் வாதாடாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

தோல்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு பேரும் இரட்டைப் பிள்ளைகள். தெரிம் 2005ல் சுவிட்சர்லாந்திடம் பிளே-ஆஃபில் விழுந்து உலகக் கோப்பையைக் கோட்டைவிட்டார், ஆட்டம் முடிந்ததும் இஸ்தான்புலில் அடிதடியே நடந்தது. குனெஷ் 2003ல் லாட்வியாவிடம், ஆமாம் லாட்வியாவிடம்தான், பிளே-ஆஃபில் விழுந்து யூரோவைக் கோட்டைவிட்டார். தெரிமுக்கு மூன்றும் தோற்ற 1996 யூரோ என்றால் குனெஷுக்கு 2021ல் நடந்த யூரோ 2020, மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரே ஒரு கோல். அப்புறம் நெதர்லாந்திடம் 1-6, வேலை போனது.

வெளிநாட்டுக் கணக்கில் தெரிமின் பெயர் பெரிது, காலம் சின்னது. ஃபியோரென்டினாவில் இருந்தபோது மிலானை 4-0 என்று அடித்தார், கொஞ்ச நாளில் மிலானே அவரைக் கூப்பிட்டுக்கொண்டது, நவம்பருக்குள் அனுப்பியும் விட்டது. அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் அன்செலோட்டி. குனெஷ் யாரும் கவனிக்காத பக்கமாக சியோலுக்குப் போனார், கி சுங்-யுங், லீ சுங்-யோங் என்ற இரண்டு பையன்கள் அவர் கீழே ஆடிவிட்டு பிரிட்டனுக்குப் பறந்தார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் தெரிமுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. ஆட்டம் கைவிட்டுப் போனபின் அதைத் திரும்பப் பிடுங்குவது. யூரோ 2008, சுவிட்சர்லாந்தை 92வது நிமிடத்தில் அர்தா துரான் கோலால் வென்றார்கள். செக் அணியிடம் 0-2 என்று இருந்து, கடைசிக் கால் மணி நேரத்தில் மூன்று கோல், அதில் நிஹாத்தின் இரண்டு 87, 89வது நிமிடங்களில், கோல்கீப்பர் வோல்கானுக்கு ரெட் கார்டு, மாற்ற ஆளில்லாமல் துன்ஜாய் கையுறை மாட்டி கோலில் நின்றார். அடுத்து வியன்னாவில் குரோஷியாவோடு காலிறுதி. 119வது நிமிடத்தில் ருஷ்து தேவையில்லாமல் ஓடி வெளியே வர, கிளாஸ்னிச் தலையால் முட்டிக் கோல். குரோஷியாக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்து கொண்டாடுகிறார்கள். நேரம் முடிந்து கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களில், தப்பு செய்த அதே ருஷ்து நீளமாக உதைத்த பந்து எங்கெங்கோ பட்டு செமி ஷென்துர்க் காலில் விழ, அவர் திரும்பிய வேகத்தில் மேல் மூலையில் அறைந்தார். 1-1. பெனால்டியில் குரோஷியாவின் மோட்ரிச் வெளியே அடித்தார், ராக்கிடிச்சும் வெளியே, பெட்ரிச் அடித்ததை ருஷ்து பிடித்தார். அரையிறுதிக்கு நான்கு பேருக்குத் தடை, அதற்கு மேல் காயம்பட்டவர்கள், பெஞ்சில் உட்கார வைக்க ஆள் இல்லை, அப்படியும் ஜெர்மனியிடம் 2-3 என்று 90வது நிமிடத்தில்தான் விழுந்தார்கள். இதற்கு என்ன வியூகம் என்று கேட்டால் பதில் கிடையாது. அந்த மனிதர் கோட்டோரம் நின்று முறைக்கிற முறைப்பில் ஆட்டக்காரர்களுக்குத் தோற்பதைவிட அவர் முகத்தைப் பார்ப்பதுதான் பயம் என்று தோன்றும். அதே கோபம்தான் 2017ல் அலாச்சாத்தியில் ஒரு கபாப் கடைத் தகராறு வரை போய், தேசிய அணி வேலையை விட வைத்தது.

யாருக்கு ஓட்டு என்று கேட்டால், நான் குனெஷ் பக்கம். காரணம் 2002 இல்லை, பெஷிக்தாஷ். தெரிமின் எட்டுப் பட்டமும் ஒரே கிளப்பில், அவரைச் சாமியாகக் கும்பிடும் கிளப்பில் வந்தவை. கலாத்தசராயை விட்டு வெளியே ஒரு லீக்கையும் அவர் வென்றதில்லை. குனெஷ் தன் ஊரில் கோச்சாக வராத பட்டத்தை, அறுபதைத் தாண்டிய வயதில், தன் ஊர் இல்லாத இடத்தில் போய் வாங்கினார். 2015-16ல் பெஷிக்தாஷுக்கு சொந்த மைதானம்கூட முக்கால்வாசி சீசனுக்கு இல்லை, புதியது ஏப்ரலில்தான் திறந்தது. அப்படியும் பட்டம், மறுவருஷமும் பட்டம், 2017-18ல் சாம்பியன்ஸ் லீக் குழுவில் போர்ட்டோ, லைப்சிக், மொனாக்கோ மூன்றுக்கும் மேலே, ஒரு தோல்வியும் இல்லாமல் 14 புள்ளியோடு முதலிடம். பிறகு பயர்ன் மியூனிக் வந்து துவைத்து எடுத்தது, அதை மறைக்கவில்லை. கோபன்ஹேகன் ஒன்றே போதும், தெரிம்தான் என்று நீங்கள் சொன்னால் நான் ரொம்ப எதிர்க்க மாட்டேன்.

இப்போது இருவரின் பெயரிலும் மைதானம் இருக்கிறது. குனெஷ் பெயர் வைத்த வளாகம் அவர் பிறந்த ஊரிலேயே, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில். தெரிமின் பெயர் தாங்கிய மைதானம் இஸ்தான்புலில், ஆனால் கலாத்தசராய்க்கு இல்லை, பாஷாக்ஷெஹிர் என்ற வேறொரு கிளப்புக்கு. 2020ல் அந்தக் கிளப் தன் முதல் லீக் பட்டத்தை வாங்கியபோது கோச்சாக இருந்தவர் ஓகன் புருக், கோபன்ஹேகனில் தெரிமின் அணியிலும் 2002ல் குனெஷின் அணியிலும் இருந்தவர். இப்போது கலாத்தசராயில் 2023, 2024, 2025 என்று வரிசையாகப் பட்டம் வாங்கிவிட்டார், பையன்கள் அவரையும் ஹோஜம் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.