பைலாவுக்கு ஒன்று, பாமாலைக்கு ஒன்று: ட்ரொம்போனும் மவுத்பீஸும் பல வருடம் பாவித்த அனுபவம்

கொழும்பில் ட்ரொம்போன் ஊதுகிறவர் ஒரே வகை இசையோடு நின்றுவிட முடியாது. ஞாயிறு காலை ஆராதனையில் பாமாலை, அன்று இரவே கல்கிசையில் கலியாண வரவேற்புக்கு பைலா, மார்ச் மாதம் வந்தால் பாடசாலைகளின் பெரிய கிரிக்கெட் போட்டிகளில் பப்பரே என்ற மைதானத்து பேண்ட் இசை, இடையிடையே ஏதாவது ஓர் ஒக்கஸ்ட்ராவில் பின்வரிசைக் கதிரை. பல வருடங்களாக இவை எல்லாவற்றிலும் ஊதி வருகிறேன். யமஹா 354, கிங் 3பி, பாக் 42பி என்ற மூன்று ட்ரொம்போன்களையும் சொந்தமாக வைத்துப் பாவித்திருக்கிறேன். நண்பர் ஒருவரிடம் பாக் 36பி ஒன்றை இரவல் வாங்கி நீண்ட காலம் ஊதியும் இருக்கிறேன். வாத்தியத்தில் செருகி உதட்டை வைத்து ஊதும் கிண்ணம்தான் மவுத்பீஸ். "எந்த மவுத்பீஸ் அண்ணா நல்லது?" என்று பழகும் பிள்ளைகள் கேட்டால், "நீர் எங்கே ஊதப் போறீர்?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரியாமல் மவுத்பீஸ் வாங்குவது காசைக் கடலில் போடுவது மாதிரி.

முதலில் வாத்தியம். சுரம் மாற்ற முன்னும் பின்னும் இழுக்கும் ஸ்லைட் குழாயின் உள்விட்டத்தை எல்லோரும் போர் என்றுதான் சொல்கிறோம். யமஹா 354 இல் அது 12.7 மில்லிமீற்றர், கிங் 3பி இல் 12.9, பாக் 36 இல் 13.3, பாக் 42 இல் 13.9. முதலாவதற்கும் கடைசிக்கும் ஒரு மில்லிமீற்றரும் சொச்சமும்தான் வித்தியாசம். ஆனால் கையில் எடுத்து ஊதினால் இரண்டும் வேறு வேறு பிறவிகள். சின்ன போரில் குறைந்த மூச்சிலேயே ஓசை முன்னுக்கு வரும், கொஞ்சம் அழுத்தினால் பித்தளையின் அந்த உறுமல் உடனே கிளம்பும். பெரிய போரில் ஓசை அகலமாகவும் இருண்டும் வரும், பலமாக ஊதினாலும் உடையாமல் தாங்கும். ஆனால் அதை நிரப்ப மூச்சு வேண்டும், அதுவும் தொடர்ந்து வேண்டும்.

பைலாவுக்கு என் கை கிங் 3பி இற்குத்தான் போகும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறு-எட்டுத் தாளத்தில் கீபோர்ட், பேஸ் கிற்றார், ட்ரம்ஸ் எல்லாம் ஒன்றாக ஓடும்போது ட்ரொம்போனுக்குக் கிடைப்பது பாட்டு வரிகளுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள். அங்கே ஒரு குத்து, ஒரு வழுக்கல், திரும்பவும் மௌனம். அந்தக் குத்து தொடங்கிய கணத்திலேயே முழுசாக ஒலிக்க வேண்டும். 42 இல் அதே குத்தை ஊதினால் ஓசை பெரிசாக வரும், ஆனால் அரை விநாடி பிந்தி வந்ததுபோல இருக்கும். இரவு முழுக்க நின்றுகொண்டே ஊத வேண்டும் என்பதும் சேர்ந்தால், வால்வு இல்லாத சின்ன வாத்தியம் இடது தோளுக்குச் செய்யும் உதவி கொஞ்சநஞ்சமல்ல.

ஒக்கஸ்ட்ராவில் கதை தலைகீழ். பிராம்ஸின் முதலாவது சிம்பனியில் ட்ரொம்போன்கள் மூன்று பகுதிகள் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு நாலாவதில்தான் வாயைத் திறக்கும். அதுவும் மெல்லிய பாமாலை போன்ற ஓர் இடத்தில். முதலாவது ட்ரொம்போன் உயர்ந்த ஏ சுரத்தைச் சத்தமில்லாமல் பிடிக்க வேண்டும். குளிர்ந்துபோன உதட்டோடும் குளிர்ந்துபோன குழாயோடும் இப்படி ஒரு இடத்துக்குள் நுழையும்போது பெரிய போரின் அருமை தெரியும். மூன்று பேரின் ஓசையும் ஒரே ஆள் ஊதியதுபோலக் கலக்கும். அதற்குள் ஒரு 3பி இருந்தால் அது மட்டும் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். நன்றாக ஊதினாலும் துருத்தும்.

42பி இல் உள்ள எஃப் வால்வையும் இங்கே சொல்ல வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் கூடுதல் குழாய் திறந்து வாத்தியம் ஒரு நாலாம் இடைவெளி கீழே இறங்கும். ஸ்லைட்டின் ஆறாவது நிலைக்குக் கை நீட்டிப் பிடிக்கும் சி, கீழ் எஃப் இரண்டையும் முதலாவது நிலையிலேயே எடுக்கலாம். கை சின்னதாக உள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை. பாமாலையில் கீழ்க்குரலை ஊதுகிறவருக்கும் அப்படியே. பைலாவில் நான் அதைத் தேடியதே இல்லை.

இப்போது மவுத்பீஸ். பாக் கம்பனியின் எண்முறையில் எண் கூடக்கூட விட்டம் குறையும். 12சி இல் உள்விட்டம் 24.5 மில்லிமீற்றர், 6½ஏஎல் இல் 25.4, 5ஜி இல் 25.5. விட்டத்தைவிடக் கிண்ணத்தின் ஆழம்தான் ஓசையை மாற்றுகிறது. ஆழம் குறைந்தால் ஓசை பளிச்சென்று மேலே ஏறும், ஆழம் கூடினால் இருண்டு கனக்கும். நாதஸ்வர வித்துவான்கள் வாத்தியத்திலேயே சீவாளிகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், நல்ல சீவாளி எது என்பது அவரவர் உதட்டுக்குத்தான் தெரியும். மவுத்பீஸும் அப்படித்தான். ஆகவே என் அளவுகளை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயத்தை யாரிடமும் உறுதியாகச் சொல்வேன்: மவுத்பீஸை மாற்றிச் சின்ன வாத்தியத்தைப் பெரிய வாத்தியமாக்க முடியாது. 3பி இல் ஆழமான 5ஜி போட்டு ஒரு பருவம் முழுக்கப் பாமாலை ஊதினேன். மேல் சுரங்கள் சுருதி இறங்கின, 3பி இன் உயிரான அந்தப் பளபளப்பும் போனது. 42 இன் அகலமோ வரவில்லை. 36பி கிடைத்தபோது அதே ஆராதனையில் நடுத்தரமான 6½ஏஎல் போட்டு ஊதினேன், ஓர்கனோடு தானாகக் கலந்தது. ஓசை எந்த வகை என்பதைத் தீர்மானிப்பது வாத்தியம். மவுத்பீஸின் வேலை அந்த வாத்தியத்தோடு உங்கள் உதட்டைச் சேர்த்து வைப்பது.

அதனால் இப்போது எல்லா வாத்தியத்துக்கும் உதடு படும் விளிம்பை ஒரே அளவில்தான் வைத்திருக்கிறேன். வாத்தியத்துக்குள் செருகும் மவுத்பீஸின் வால்பகுதியைத் தண்டு என்போம், 6½ஏஎல் சின்னத் தண்டிலும் வரும், பெரிய தண்டிலும் வரும். 3பி இற்குச் சின்னத் தண்டு, 42 இற்குப் பெரிய தண்டு. காலையில் ஒன்று, இரவில் மற்றது என்று மாறினாலும் உதடு தடுமாறுவதில்லை. டெனிஸ் விக் கம்பனி மவுத்பீஸ் பிரியர்கள் 6பிஎஸ், 6பிஎல் என்று இதையே செய்யலாம், எஸ் சின்னத் தண்டு, எல் பெரியது. மேல் சுரங்கள் நிறைய வரும் இரவுகளுக்கு மட்டும் 12சி பையில் கிடக்கும். வாங்கும்போது தண்டைக் கட்டாயம் பாருங்கள். பெரிய தண்டு சின்ன வாத்தியத்துக்குள் போகாது, சின்னதைப் பெரியதில் அடாப்டர் இல்லாமல் போட்டால் ஆடும். கொழும்பில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கும் பழைய பிரித்தானிய வாத்தியங்கள் சிலவற்றுக்கு இரண்டுமே சரியாகப் பொருந்தாது, ஆகவே மவுத்பீஸோடு போய்ப் போட்டுப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும். மவுத்பீஸை உள்ளங்கையால் தட்டிச் செருகும் பழக்கமும் வேண்டாம். இறுகிப் போனால் அதற்கென்று உள்ள இழுப்பானால்தான் கழற்றலாம், இடுக்கி வைத்தால் குழாய் முறுகும்.

நம் ஊர்க் காலநிலை இதில் எல்லாம் தலையிடும். ஏசி மண்டபத்தில் சுருதி இறங்கும், எஸ்எஸ்சி கிரிக்கெட் மைதானத்து மதிய வெயிலில் ஏறும். சுருதி சேர்க்கும் ட்யூனிங் ஸ்லைட்டை இரண்டு இடத்துக்கும் ஒரே அளவில் விட்டால் சரிவராது. வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்று பித்தளைக்கு நல்லதல்ல. ஊதி முடிந்ததும் உட்பக்கத்தைக் கழுவித் துடைக்காமல் பெட்டியில் மூடினால், நாளடைவில் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும். அது பித்தளையிலிருந்து துத்தநாகம் அரிக்கப்பட்டு வெளியேறுவதன் அடையாளம், பொலிஷ் போட்டுப் போகாது. பழைய வாத்தியம் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதையும் ஸ்லைட்டையும்தான். உட்குழாய்களை நேராகப் பிடித்து வெளிக்குழாயை மெதுவாக இறக்கிப் பாருங்கள், எங்கும் தடங்கலில்லாமல் தன் பாரத்திலேயே இறங்க வேண்டும். புதிய வாத்தியம் என்பதற்காகவும் இதை விட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு ஒரு கடையில் மலிவாகக் கொடுத்த புதிய வாத்தியத்தில் ஒரு வருடத்துக்குள் உட்குழாயின் பூச்சே உரிந்துவிட்டது.

இதெல்லாம் பார்த்து ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? 36பி இரகத்தில் நடுத்தர போர், எஃப் வால்வோடு. பைலாவில் கொஞ்சம் உழைக்க வேண்டும், ஒக்கஸ்ட்ராவில் கொஞ்சம் ஒதுங்க வேண்டும், ஆனால் இரண்டிலும் வெட்கப்பட வேண்டி வராது. பழகும் பிள்ளைக்கு 354 போதும், அது நீண்ட காலம் உழைக்கும்.

பப்பரேக்கு மட்டும் பித்தளையைக் கொண்டுபோக வேண்டாம் என்பேன். தள்ளுமுள்ளில் ஸ்லைட் வளைந்தால் திருத்துவது சுலபமில்லை. பி-போன் என்ற பிளாஸ்டிக் ட்ரொம்போன் 800 கிராம் அளவுதான், விழுந்தாலும் தாங்கும், போர் 354 இன் அளவேதான். ஸ்லைட் பித்தளை மாதிரி வழுக்காது, மெல்லிய சுரங்களில் ஓசை சப்பென்று இருக்கும். மைதானத்தில் மெல்லிய சுரம் யாரும் கேட்கப் போவதில்லை.