சர்க்கரைக் கண்ணுக்கு லேசரா, ஊசியா?

சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கி அங்கே புது ரத்தக் குழாய்கள் முளைத்துவிட்டால், கண் டாக்டர் இரண்டு வழி சொல்வார்: லேசர், இல்லாவிட்டால் கண்ணுக்குள் ஊசி. ஊசி என்றதுமே பலர் லேசர் பக்கம் ஓடிவிடுகிறார்கள். இத்தனைக்கும் மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் ஊசி போடுகிறார்கள். சுருக் சுருக்கென்று அதிகம் வலிப்பது லேசர்தான்.

ரத்தம் சரியாகக் கிடைக்காத விழித்திரை வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். அதுதான் இந்தக் குழாய்களை வளர்த்துவிடுகிறது. நோஞ்சான் குழாய்கள், உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும், தழும்பாகி விழித்திரையைப் பிய்த்து இழுக்கும்.

லேசர், நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரத்து விழித்திரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சுடுகிறது. சுட்ட இடம் ஆக்சிஜன் கேட்காது, புரதமும் குறையும். கடும் பார்வையிழப்பை இது பாதிக்குக் குறைக்கிறது என்று 1970களிலேயே அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. ஓரிரு தடவை போனால் வேலை முடிந்துவிடும். ஆனால் பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் போகலாம், போனது திரும்பாது.

ஊசி எதையும் சுடுவதில்லை, அந்தப் புரதத்தை மட்டும் கட்டிப்போடுகிறது. 2015இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு வருட முடிவில் ரானிபிசுமாப் ஊசி லேசருக்குச் சளைக்கவில்லை. பக்கப் பார்வை இழப்பும் குறைவு. நடு விழித்திரை வீங்கிப் பார்வை மங்கியிருந்தால் ஊசிக்கே என் ஓட்டு. கண்ணுக்குள் கிருமி தொற்றும் ஆபத்து உண்டு, அபூர்வம்தான்.

சரி, அப்புறம் ஏன் லேசர்? மருந்தின் வேகம் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆரம்பத்தில் மாதாமாதம் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் டாக்டரிடம் வராமல் போனவர்களை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. ஊசி மட்டும் போட்ட 30 கண்களில் 10இல் கடைசியில் விழித்திரை இழுபட்டுப் பிரிந்திருந்தது. லேசர் செய்த 46 கண்களில் ஒன்றே ஒன்று. சின்ன ஆய்வுதான், ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாத கணக்கு. பஸ் பிடித்து வர வேண்டியவர், துணைக்கு ஆள் இல்லாதவர், சர்க்கரை மாத்திரையையே மறப்பவர் என்றால் லேசரைத்தான் சொல்வேன்.

இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு. நடுவில் வீக்கம் இருக்கும்போது லேசர் மட்டும் அடித்தால் அது கூடலாம் என்பதால், அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஊசியில்தான் தொடங்குகிறார்கள்.