40 மீட்டர் டைபோல்: மூன்று மழைக்காலங்களுக்குப் பிறகு

டைபோல் என்பது நடுவில் கேபிள் இணைத்த இரு கை வயர் ஆன்டெனா; என்னுடையது அமெச்சூர் ரேடியோவின் 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹெர்ட்ஸ்). மொட்டைமாடியில் இருக்கும் அதற்கு இரண்டாம் முறையாக கோஆக்ஸ் கேபிள் (உள் கம்பியைச் சுற்றிப் பின்னல் கம்பி உள்ளது) மாற்றி முடித்த கையோடு எழுதுகிறேன். "நானும் ஒன்று கட்டலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கும் இதுவே பதில்.

அளவுகள் தெரிந்தவைதான். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும்; 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.14, அதாவது ஒரு கைக்கு 10.07. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ வயர் தாராளமாகப் போதும். பி.வி.சி உறையும், நடுவை உயர்த்தி இரு கைகளையும் சரித்துக் கட்டும் இன்வெர்ட்டட் வி சரிவும் அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும் என்பதால் கடைசி நீளம் 10.07க்கும் குறைவாகவே வரும். இருந்தாலும் 10.3 மீட்டரில் வெட்டி, முனையைப் பின்னால் மடித்து முறுக்கியே டியூன் செய்யுங்கள். இரண்டு பக்கமும் 1 செ.மீ குறைத்தால் சுமார் 7 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும். கைகளுக்கு இடையே 120 டிகிரி இருந்தால் நல்லது, 90க்குக் கீழே வேண்டாம். முனைகளில் ஆர்.எஃப் (ரேடியோ அதிர்வெண்) மின்னழுத்தம் அதிகம். ஆள் கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

இப்படிக் கட்டியது 10 மீட்டர் உயரத்தில் 7.0 முதல் 7.2 வரை முழுக்க எஸ்.டபிள்யூ.ஆர் (அனுப்பிய சக்தி எந்த அளவுக்குத் திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 2க்குள் நிற்கிறது, பொருத்தத்தைச் சரிசெய்யும் டியூனர் தேவையில்லை. அலை செங்குத்தாக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் பகலில் தென்னிந்தியா முழுவதும் தெளிவாக எடுக்கும். அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்40 போன்ற 7 வாட் ரேடியோ செட்டுக்கு இதைவிட மலிவான நல்ல துணை கிடையாது.

என் கோபமெல்லாம் நடுவில் இருக்கும் இணைப்பின் மேல்தான். கேபிள் முனையில் வரும் பி.எல்.259 பிளக் தண்ணீரைத் தடுக்கும்படி செய்யப்பட்டதல்ல. ஒரு சொட்டு உள்ளே போனால் போதும், பின்னல் கம்பி விளக்குத் திரிபோல அதை உறிஞ்சிக் கேபிளின் நீளத்துக்கு இறக்கிவிடும். தாமிரம் கறுத்து இழப்பு ஏறும். கடலோரமானால் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

இதில் பொறுக்க முடியாதது, எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் நமக்குப் பொய் சொல்வது. கேபிள் கெடக் கெட எஸ்.டபிள்யூ.ஆர் நன்றாகிக்கொண்டே வரும். மேலே போகும் சக்தியில் ஒரு பகுதி வழியிலேயே வெப்பமாகும், எதிரொலித்துத் திரும்புவதிலும் ஒரு பகுதி கரையும். மீட்டருக்கு எட்டுவது மிச்சம்தான். ஒரு வழி இழப்பு 3 டி.பி (டெசிபல், அதாவது பாதி சக்தி) ஆகிவிட்டால், ஆன்டெனாவே அறுந்து விழுந்தாலும் மீட்டர் 3க்கு மேல் காட்டாது! கேட்பதிலும் வித்தியாசம் தெரியாது. 40 மீட்டரில் வெளி இரைச்சல் அதிகம், சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே இறங்கும், சிக்னல் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரில் அரை எண்தான் குறையும். 7 வாட் 3.5 ஆகியிருப்பது எதிர்முனைக்காரர் சொன்னால்தான் உண்டு.

ஆகவே டைபோலோடு சேர்த்து அளந்து திருப்திப்படாதீர்கள். கேபிளைக் கழற்றி, மேல் முனையைத் திறந்தே விட்டு, நானோ வி.என்.ஏ (கையடக்க ஆன்டெனா, கேபிள் சோதனைக் கருவி)-வில் 7.1ல் ரிட்டர்ன் லாஸ் (அனுப்பியதைவிடத் திரும்பி வருவது எத்தனை டி.பி குறைவு என்பது) பாருங்கள். அதில் பாதிதான் ஒரு வழி இழப்பு. 25 மீட்டர் புது ஆர்.ஜி.58 வகை கோஆக்ஸுக்கு ரிட்டர்ன் லாஸ் 2 டி.பி-க்குள் வரவேண்டும், எஸ்.டபிள்யூ.ஆர் கணக்கில் 10க்குப் பக்கம். இந்தச் சோதனையில் எஸ்.டபிள்யூ.ஆர் எண் பெரிதாக இருந்தால்தான் கேபிள் நல்லது. ரிட்டர்ன் லாஸ் 6 டி.பி என்றால் தூக்கிப் போடுங்கள். வெயிலில் காயவைத்துப் பயனில்லை, கறுத்த பின்னல் திரும்பாது.

இந்த முறை நடு இணைப்பு இப்படி: சாக்கெட்டின் வாய் தரையைப் பார்க்கிறது. பெட்டியின் அடியில் 3 மி.மீ துளை, முழுக்க அடைத்தால் உள்ளே வியர்த்து நீர் தேங்கும். பிளக்கின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் சாதாரண பி.வி.சி டேப், இரண்டும் கீழிருந்து மேலாக. ஓடு வேய்வதுபோல மேல் சுற்று கீழ்ச்சுற்றின் மேல் படிந்தால்தான் நீர் வழிந்து போகும். காடி வாடை வரும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் தாமிரத்தை அரிக்கும். நியூட்ரல் வகை கேளுங்கள். போல்ட், நட்டு எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சோக்குக்கு எஃப்.டி.240-31 டொராய்டில் (ஃபெரைட் வளையம்) 12 சுற்று ஆர்.ஜி.58, அதன் எடையைக் கயிறுதான் தாங்கவேண்டும், பிளக் அல்ல.

ஆன்டெனாவாக இதற்கு நான் குறை சொல்ல எதுவுமில்லை. இருந்தாலும் நண்பருக்கு இன்று என் பதில், கட்டவேண்டாம் என்பதுதான். வருடத்துக்கு இரண்டு முறை மேலே ஏறிக் கேபிளைக் கழற்றி அளக்க முடியுமென்றால் மட்டும் யோசிக்கலாம். புதுக் கேபிளின் ரிட்டர்ன் லாஸ் 1.8 டி.பி. அதைத் தேதியோடு எழுதி செட்டின் மேல் ஒட்டியாயிற்று. அடுத்த வரி ஐப்பசி மழை முடிந்ததும்.