நடையோடு வரைய ஒரு வாட்டர் பிரஷ்

வரைவதை எப்போதோ விட்டுவிட்டு மறுபடி தொடங்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது வாட்டர் பிரஷ்தான். கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் தூரிகை இது. நுனியில் நைலான் முடி; பிடியை லேசாக அழுத்தினால் ஈரம் இறங்கும். கிண்ணம் வேண்டாம், மேசை வேண்டாம், உட்கார இடம்கூட வேண்டாம்.

இது எனக்குப் பெரிய விஷயம். முன்பெல்லாம் வரைவதென்றால் மேசையை ஒழித்து, தாளை ஒட்டி, ஒரு மதியத்தையே ஒதுக்க வேண்டும். அவ்வளவு ஏற்பாடு செய்தபின் படம் நன்றாக வந்தே தீரவேண்டும் என்ற பாரமும் சேர்ந்துவிடும். இப்போது நடக்கிறேன், ஏதாவது கண்ணில் பட்டால் நிற்கிறேன், ஐந்து நிமிடத்தில் ஒரு கிளை. அது சுமாராக வந்தாலும் நடை கெடுவதில்லை.

நின்று வரையும்போதுதான் செடிகளை உண்மையாகப் பார்க்கிறேன். சிலவற்றில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக, சிலவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி. பெட்டியில் வரும் பச்சையைத் தொடுவதை நிறுத்திவிட்டேன். எந்த இலையும் அந்த நிறத்தில் இல்லை. அல்ட்ராமரீன் நீலத்தோடு மஞ்சள் கலந்தால் அடக்கமான பச்சை, அதில் துளி பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு சேர்த்தால் முற்றிய இலை. இந்தக் கலவைகளைத் தேடுவதற்காகவே நடக்கப் போகலாம்.

வாட்டர்கலர் பில்லைகள்தான் இதற்குச் சரியான துணை. பிசினில் குழைத்த நிறம் என்பதால் காய்ந்து கெட்டியானாலும் ஈரம் பட்டதும் உயிர் பெறும். அக்ரிலிக் வண்ணம் ஒருமுறை காய்ந்தால் அவ்வளவுதான், மறுபடி கரையாது. நோட்டு ஏ6 அளவு, அதாவது 105 × 148 மில்லிமீட்டர், சட்டைப்பையில் அடங்கும். தாள் மட்டும் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கொண்ட கெட்டித்தாளாக இருக்கட்டும். சாதாரண நோட்டுத்தாள் ஈரத்தில் நெளிந்துவிடும். பேனாவில் கோடு போட்டு அதன்மேல் வண்ணம் தீட்டுவதானால் நீரில் கரையாத பிக்மென்ட் மை அவசியம்.

குறைகளும் உண்டு. அகலமான வானத்தை ஒரே சீராகத் தீட்ட இதால் முடியாது, நடுவில் தண்ணீர் கூடும், குறையும். மஞ்சள் தொட்டால் முடியில் கறை தங்கிவிடும், ஆனால் அது அடுத்த நிறத்தில் கலக்காது. சொரசொரப்பான தாளில் நுனி சீக்கிரம் பிரிந்துபோகும். உயரமான மலைப்பாதைகளில் உள்ளேயிருக்கும் காற்று விரிந்து தண்ணீரைத் தானாகச் சொட்ட வைக்கும். ஏறுவதற்கு முன் தொட்டியை முழுக்க நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடுங்கள். நிறம் மாற்றும்போது துடைக்க ஒரு துணித்துண்டும் வேண்டும்.

பல அளவுகளில் கிடைக்கிறது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் நடுத்தர நுனி போதும்: படுக்கவைத்தால் இலை முழுவதும் நிறையும், நிமிர்த்திப் பிடித்தால் நரம்பு வரும்.