ரியாக்ட்டா, ஆங்குலரா: இரண்டையும் வருடக்கணக்கில் பராமரித்த அனுபவம்

ஒரே காலகட்டத்தில் இரண்டு புராஜெக்ட்டுகளைப் பார்த்துக்கொண்டேன். ஒன்று ரியாக்ட், மற்றது ஆங்குலர்; இரண்டும் வெப் அப்ளிகேஷன்களின் திரைகளைக் கட்ட உதவும் கருவிகள். இரண்டிலும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்: பட்டியல் பார்ப்பது, நீளமான படிவம் நிரப்புவது, ஒப்புதலுக்கு அனுப்புவது. இரண்டையும் எழுதிய காலத்தைவிடப் பராமரித்த காலம்தான் அதிகம். இங்கே சொல்வதெல்லாம் அந்தப் பராமரிப்பில் தெரிந்துகொண்டவை.

ரியாக்ட் 2013-இல் வெளிவந்தபோதே தன்னை லைப்ரரி (குறிப்பிட்ட ஒரு வேலைக்கான கோட் தொகுப்பு) என்றுதான் சொல்லிக்கொண்டது. டேட்டாவுக்கு ஏற்றபடி திரையை வரைந்து கொடுப்பதோடு அதன் பொறுப்பு முடிகிறது. பக்கம் விட்டுப் பக்கம் போவது, சர்வரிலிருந்து டேட்டா எடுப்பது, படிவத்தைச் சரிபார்ப்பது எல்லாம் நாம் தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டியவை. 2016-இல் டைப்ஸ்கிரிப்ட்டில் (டேட்டா வகைகளையும் குறித்து எழுதும் ஜாவாஸ்கிரிப்ட்) புதிதாக எழுதப்பட்டு வந்த ஆங்குலரில் இந்த வேலைகளுக்கான ரவுட்டர், ஃபார்ம்ஸ், எச்டிடிபி கிளையன்ட் எல்லாம் ஒரே இடத்திலிருந்து சேர்ந்தே வருகின்றன; அதனால் அதை ஃப்ரேம்வொர்க் என்கிறோம்.

முதல் சில மாதங்களுக்கு ரியாக்ட்தான் சுகம். ஜாவாஸ்கிரிப்ட் நன்றாகத் தெரிந்தவர் சீக்கிரமே உருப்படியாக ஏதாவது செய்துவிடுவார். ஆங்குலரில் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் (ஒரு பகுதிக்குத் தேவையானவற்றை ஃப்ரேம்வொர்க்கே கொண்டுவந்து தருவது) பிடிபட வேண்டும், ஆர்எக்ஸ்ஜேஎஸ் (அடுத்தடுத்து வரும் டேட்டாவைக் கையாளும் லைப்ரரி) பிடிபட வேண்டும். தேடல் பெட்டியில் பயனர் வேகமாக டைப் செய்யும்போது பழைய தேடலின் பதில் தாமதமாக வந்து புதியதன் மேல் உட்கார்ந்துவிடக் கூடாது. அங்கே எல்லாத் தேடல்களின் பதிலையும் வரவிடும் மெர்ஜ்மேப் போடக் கூடாது, பழையதைக் கைவிடும் ஸ்விட்ச்மேப் போட வேண்டும் என்பது புதியவருக்குத் தானாகத் தோன்றாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். எங்கள் டீமில் அதற்கே கணிசமான நேரம் போனது.

காலம் போகப் போகத்தான் கணக்கு மாறியது. படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு வேறு பக்கம் போகிறவரிடம் ‘சேமிக்காமல் போகிறீர்களா?’ என்று கேட்கும் வசதி இரண்டு புராஜெக்ட்டுகளிலும் இருந்தது. ரியாக்ட்டோடு நாங்கள் சேர்த்திருந்த ரியாக்ட் ரவுட்டர் என்ற பேக்கேஜின் 5-ஆம் பதிப்பில் அதற்கு ‘ப்ராம்ப்ட்’ இருந்தது. 2021 கடைசியில் வந்த 6-ஆம் பதிப்பில் ‘ஸ்விட்ச்’ போய் ‘ரவுட்ஸ்’ வந்தது, ‘யூஸ்ஹிஸ்டரி’ போய் ‘யூஸ்நேவிகேட்’ வந்தது. இதெல்லாம் உட்கார்ந்து மாற்றிவிடக்கூடிய வேலை. ஆனால் ‘ப்ராம்ப்ட்’ எடுக்கப்பட்டிருந்தது, அதன் இடத்தில் வேறு எதுவும் இல்லை. அதற்கு இணையான ‘யூஸ்பிளாக்கர்’ நிலையான வடிவில் வர 2023 ஆனது. படிவமே உயிராக உள்ள ஒரு அப்ளிகேஷனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நாங்கள் பழைய ரவுட்டரிலேயே இருந்தோம். அதனால் அதைச் சார்ந்த மற்ற பேக்கேஜ்களையும் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஆங்குலர் புராஜெக்ட்டில் இதே வேலையைச் செய்த ‘கேன்டீஆக்டிவேட்’ கார்டை (guard, பக்கத்தை விட்டுப் போகலாமா என்று தடுத்துப் பார்ப்பது) இத்தனை அப்கிரேடுகளிலும் நாங்கள் தொடவே இல்லை.

டெஸ்ட்டிலும் இதே கதைதான். எங்கள் ரியாக்ட் டெஸ்ட்டுகள் எல்லாம் என்சைம் என்ற டெஸ்ட் கருவியில் எழுதப்பட்டிருந்தன. 2020-இல் ரியாக்ட் 17 வந்தது. என்சைமுக்கு அதற்கான அதிகாரபூர்வ அடாப்டர் (இரண்டையும் இணைக்கும் பகுதி) வரவில்லை. டெஸ்ட்டிங் லைப்ரரி என்ற வேறொரு கருவிக்கு எல்லாவற்றையும் மாற்றி எழுதினோம். டெஸ்ட்டுகள் முன்பைவிட நன்றாக அமைந்தன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வேலையை எப்போது செய்வது என்பது எங்கள் கையில் இல்லை.

ஆங்குலர் மாறாமல் ஒன்றும் இருக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 18 மாத ஆதரவு. ஒரு பதிப்பைத் தாண்டி அடுத்ததற்கு நேராகப் போகாமல் ஒவ்வொன்றாக ஏறச் சொல்கிறார்கள். இரண்டு வருடம் அப்கிரேடைத் தள்ளிப்போட்டால் மொத்தமாக அனுபவிக்க வேண்டும். ஆனால் பழையதை மாற்றும்போது மாற்றித் தரும் கருவியையும் பெரும்பாலும் சேர்த்தே கொடுக்கிறார்கள். 17-ஆம் பதிப்பில் டெம்ப்ளேட்டுக்குள் (திரையின் வடிவத்தை எழுதும் இடம்) நிபந்தனைக்கான இஃப், பட்டியலுக்கான ஃபார் எழுதும் முறை மாறியது. ஒரு கமாண்ட் கொடுத்தோம், டெம்ப்ளேட்டுகள் அத்தனையும் மாறின. ‘ஃபார்’ வந்த இடங்களில் எல்லாம், பட்டியலின் ஒவ்வொரு உருப்படியையும் அடையாளம் காட்டும் ‘ட்ராக்’ சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் எங்கள் வேலையாக இருந்தது. எங்களுக்கு ஆங்குலரில் தலைவலி கொடுத்தது வெளியிலிருந்து சேர்த்த கம்போனென்ட் (பட்டன், அட்டவணை போன்ற திரைப் பகுதிகள்) தொகுப்பு ஒன்று. ஒவ்வொரு பதிப்புக்கும் அது தயாராகும்வரை காத்திருப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்குலர் தெரிந்த ஒருவர் புதிதாகச் சேர்ந்தால், எது எங்கே இருக்கும் என்று அவரால் ஊகிக்க முடிகிறது. ரியாக்ட் தெரிந்தவருக்கோ ரியாக்ட் மட்டும்தான் தெரியும். எங்கள் ரவுட்டர், எங்கள் ஸ்டேட் (திரையின் தற்போதைய டேட்டா) முறை, எங்கள் ஃபோல்டர் அமைப்பு எல்லாவற்றையும் நாங்கள்தான் விளக்க வேண்டும். நாங்களே ஒரு ஃப்ரேம்வொர்க்கைக் கட்டியிருக்கிறோம், அதற்கு டாக்குமென்டேஷனும் நாங்களே எழுத வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. 2025 பிப்ரவரியில், புதிய ரியாக்ட் புராஜெக்ட்டை அமைத்துத் தரும் ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ கைவிடப்பட்டபோது, புதிதாகத் தொடங்குகிறவர்களை ரியாக்ட்டின் மேல் கட்டப்பட்ட நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்ற ஃப்ரேம்வொர்க்குகளின் பக்கம் போகச் சொன்னதே ரியாக்ட் குழுதான். எனக்கு அது நியாயமான ஆலோசனையாகவே படுகிறது.

லைப்ரரி மட்டும் போதும் என்கிற இடங்களும் உண்டு. சர்வரில் தயாராகி வரும் பழைய பக்கம் ஒன்றில், நாள் தேர்வுக் கட்டம் மட்டும் உயிரோட்டமாக இருக்க வேண்டும் என்றால் ஒரு டிவ் (பக்கத்துக்குள் ஒரு பெட்டி) போட்டு அதில் ரியாக்ட்டை இறக்கிவிடலாம். அதற்குப் போய் முழு ஃப்ரேம்வொர்க்கை இழுத்து வருவது வீண். அனுபவமுள்ள சிலர் மட்டும் பல வருடம் சேர்ந்திருக்கும் சிறிய டீமுக்கும் ரியாக்ட் அருமையாகப் பொருந்தும். அவர்கள் எடுத்த முடிவுகளின் காரணம் அவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆட்கள் வந்து போகிற டீம், படிவங்கள் நிறைந்த, வருடக்கணக்கில் ஓட வேண்டிய அப்ளிகேஷன் என்றால் நான் ஃப்ரேம்வொர்க்கைத்தான் சொல்வேன். அடுத்து தொடங்கும் புராஜெக்ட்டுக்கு ஆங்குலரையே எடுத்திருக்கிறோம். ரியாக்ட் புராஜெக்ட்டை மாற்றி எழுதும் எண்ணம் இல்லை, நன்றாகவே ஓடுகிறது. இனி அதில் புதிய பேக்கேஜ் எதைச் சேர்ப்பதாக இருந்தாலும், அதன் பராமரிப்பை யார் ஏற்கிறார் என்று ஒரு பெயர் எழுதியபிறகுதான் சேர்க்கிறோம்.