கருஞ்சாம்பலா, வெள்ளையா? ஒரே வீட்டில் இரண்டு நிற ஜன்னல் சட்டங்களோடு வாழும் அனுபவம்

எங்கள் வீட்டில் கீழ்த்தள ஜன்னல்கள் அலுமினியம். கருஞ்சாம்பல் நிறப் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு), பளபளக்காத மேட் வகை. மாடியைப் பிற்பாடு எடுத்தபோது அங்கே வெள்ளை யுபிவிசி, அதாவது கெட்டியான பிளாஸ்டிக் சட்டம், போட்டோம். போட்டது பல வருஷங்களுக்கு முன்னால். இரண்டும் நல்ல வெயிலையும் மழையையும் பார்த்தாகிவிட்டது. துடைக்கிற வேலை என்னுடையது என்பதால் நிறத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எல்லோரும் வெளியே நின்று பார்த்துத்தான் நிறத்தை முடிவு செய்கிறார்கள். பகலில் வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் கண்ணாடியும் இருட்டாகத்தான் தெரியும். அதனால் கருஞ்சாம்பல் சட்டம் கண்ணாடியோடு கலந்து ஜன்னலே பெரிதானதுபோல் ஒரு தோற்றம் வருகிறது. வெள்ளைச் சட்டமோ கோடு போட்டுக் காட்டும். வீட்டுப் படங்களில் கறுப்புச் சட்டம் அவ்வளவு எடுப்பாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஆனால் நாம் இருப்பது உள்ளே. உள்ளிருந்து பகலில் பார்க்கும்போது அடர் சட்டம் பின்வாங்கிக்கொள்கிறது. கண் நேராக மரத்துக்கும் வானத்துக்கும் போகிறது. கீழே உட்கார்ந்தால் எனக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான். கூடவே ஒரு தொல்லை: பளிச்சென்ற வானத்துக்குப் பக்கத்தில் கறுப்புக் கட்டம் நிற்பதால் கண் கூசுகிறது. ஜன்னலைப் பார்த்தபடி மேசை போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாடியில் வெள்ளைச் சட்டம் வெளிச்சத்தை வாங்கி அறைக்குள் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. வெளிச்சத்திலிருந்து சுவருக்கு வரும் மாற்றம் மெதுவாக இருக்கிறது. சிறிய அறை, ஒரே ஒரு ஜன்னல் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, உள்பக்கம் வெளிர் நிறம்தான். இரவில் கண்ணாடி கறுத்துவிடும், அடர் சட்டம் அதில் கரைந்துபோகும். திரையை இழுத்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான்.

அப்புறம் அழுக்கு. கறுப்பில் அழுக்குத் தெரியாது என்று கடையில் சொன்னார்கள். சொன்னவர் துடைத்துப் பார்த்திருக்க மாட்டார். தூசு பெரும்பாலும் வெளிர் நிறம். அது உட்காருவது அடர் நிறத்தில்தான் முதலில் கண்ணில் படும். கீழ்ச்சட்டத்தின் மேல்பரப்பில் மழைத்துளி காய்ந்தால், நடுவில் ஒன்றுமில்லாமல் ஓரத்தில் மட்டும் சாம்பல் வளையம் விழுகிறது. உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் புள்ளிகள் படியும், ஈரத்துணியால் துடைத்துவிட்டு உடனே உலர்துணியும் போட வேண்டும். வெள்ளைச் சட்டத்தில் வேறு வகைக் கறை: கைப்பிடியைச் சுற்றி விரல் கறுப்பு, ஸ்லைடிங் தண்டவாளத்தில் சேறு, கறுப்பு ரப்பர் பட்டை உரசிய கோடு. இவை மிதமான சோப்புத் தண்ணீரில் போய்விடுகின்றன. தின்னர், தேய்க்கும் பவுடர் இரண்டையும் எந்த நிறத்திலும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தூசு மறைய வேண்டும் என்பதுதான் குறி என்றால் நடுத்தரச் சாம்பலோ மணல் நிறமோ இரண்டையும் தோற்கடிக்கும்.

வெப்பம் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஆனால் பொருளையும் நிறத்தையும் குழப்பிக்கொள்வார்கள். யுபிவிசி ஒரு மீட்டர் நீளத்துக்கு, 10 டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். 2 மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடேறினால் யுபிவிசியில் 4 மில்லிமீட்டருக்கு மேல் கணக்கு வருகிறது. நேர் வெயிலில் அடர் நிறப் பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். யுபிவிசி இளக ஆரம்பிப்பது 75, 80 டிகிரி வாக்கில். ஆகவே மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் அடர் நிற யுபிவிசி கேட்டால், உள்ளே ஸ்டீல் வலுவூட்டல் இருக்கிறதா, மேல் படலம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வகையா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். எங்கள் கருஞ்சாம்பல் அலுமினியத்தை மேற்குப் பக்கத்தில் மத்தியானம் தொட்டால் கை சுடும். வளையவில்லை, இறுகவில்லை.

வெள்ளை மஞ்சளாகிவிடும் என்ற பயம் எனக்கும் காட்டப்பட்டது. நல்ல யுபிவிசியில் வெள்ளையைத் தரும் டைட்டானியம் டை ஆக்ஸைடுதான் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பதும். எங்கள் மாடியில் பழுத்தது சட்டம் அல்ல, அதன் ஓரத்தில் இடைவெளியை அடைக்கப் பூசிய மலிவான சீலன்ட். தூரத்திலிருந்து பார்த்தால் ஜன்னலே மஞ்சளானதுபோல் தெரியும். சுரண்டி எடுத்து நல்ல சிலிக்கான் வைத்ததும் வெள்ளை திரும்பிவிட்டது. கீழே கருஞ்சாம்பலில், வெயில் பக்கம் மட்டும் பூச்சு மங்கியிருக்கிறது. விரலால் தேய்த்தால் லேசாக மாவு ஒட்டும். பவுடர் கோட்டிங்குக்கு 60 முதல் 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் சொல்வார்கள். கனத்தை மட்டும் கேட்டால் போதாது, வெளிப்புறத்துக்கான பாலியெஸ்டர் பவுடரா என்பதையும் கேளுங்கள்.

நிறத்துக்கு எண் இருக்கிறது; ஆர்.ஏ.எல் என்பது அப்படி நிறங்களுக்கு எண் கொடுக்கும் ஒரு பட்டியல். நாங்கள் எடுத்தது ஆர்.ஏ.எல் 7016, பலரும் கருஞ்சாம்பல் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். அதில் ஒரு நீலச் சாயல் உண்டு. கடை விளக்கில் தெரியாது, மேகமூட்டமான காலையில் நன்றாகத் தெரியும். கை அளவு அட்டையை வெள்ளைச் சுவர் மேல் வைத்துப் பார்த்தால் கறுப்பு என்றே தோன்றும். பிறகு ஒரு ஜன்னல் கூடுதலாகப் போட்டோம், அதே எண்ணைச் சொல்லித்தான். வந்தது அரைப் பளபளப்பு. எண் நிறத்தை மட்டும்தான் சொல்லும், பளபளப்பைச் சொல்லாது என்று போட்டவர் நிதானமாக விளக்கினார், பணம் வாங்கிய பிறகு. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த ஒரு ஜன்னல் மட்டும் தனியாக மின்னுகிறது. எண், பளபளப்பு, பவுடர் தயாரிப்பாளர் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அப்படியே வெட்டி மிஞ்சிய சட்டத் துண்டு ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்தால் பின்னால் ஒப்பிட உதவும்.

மரக்கோடு போட்ட பழுப்புச் சட்டங்களை நான் வைத்திருந்ததில்லை. உறவினர் வீட்டில் நிழல் பக்கம் அழகாக இருக்கிறது, வெயில் பக்கம் ஒரு படி வெளுத்திருக்கிறது.

இப்போது புதிதாகப் போடுவதென்றால் இரட்டை நிறம்தான் போடுவேன்: வெளியே கருஞ்சாம்பல், உள்ளே வெள்ளை. செலவு கூடும். திறந்து வைக்கும்போது விளிம்பில் இரண்டு நிறமும் சேரும் இடம் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே வெள்ளை எடுத்தால் ரப்பர் பட்டையைச் சாம்பல் நிறத்தில் கேளுங்கள். கறுப்புப் பட்டை ஒவ்வொரு கண்ணாடியைச் சுற்றியும் மை தீட்டியதுபோல் நிற்கும். கொசுவலை மட்டும் எந்தச் சட்டத்துக்கும் கறுப்பு. வெள்ளை வலை வெளிச்சத்தை வாங்கிப் பனிமூட்டம் காட்டுகிறது, கறுப்பு வலை இருப்பதே தெரிவதில்லை. சட்டத்துக்குப் பொருத்தமாக வெள்ளை வலைதான் வேண்டும் என்று கடையில் வற்புறுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.